நாலு இருபத்தெட்டு

மஞ்சணத்தியாறு அணையில் ராகு காலத்தில் எதுவுமே நடந்ததில்லை. மழை கொட்டியிருக்கிறது, மதகு கசிந்திருக்கிறது, ஒரு தடவை கட்டுப்பாட்டு அறைக்குள்ளேயே சாரைப்பாம்பு நுழைந்து எல்லாரையும் நாற்காலிமேல் ஏற்றியிருக்கிறது. ஆனால் கோப்புகளைத் திறந்து பார்த்தால் இதெல்லாம் ராகு காலத்துக்கு முன்னால் நடந்திருக்கும், இல்லையென்றால் பின்னால் நடந்திருக்கும். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கும்.

துடைத்தவள் முத்துப்பேச்சி. வயது முப்பத்தாறு, இரண்டு பெண் பிள்ளைகள், கட்டுப்பாட்டு அறையில் கணினி இயக்குபவளாக ஆறு வருஷ வேலை. மழை அளவையும் நீர்மட்டத்தையும் கோப்பாக்கி மடைக்காரனுக்குக் கொடுப்பது அவள் பொறுப்பு. மடைக்காரன் என்பது ஆள் இல்லை. அணையின் கதவுகளைத் திறந்து மூடும் இயந்திரம். சென்னையில் அதற்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் வைத்து அனுப்பினார்கள். இங்கே வந்த ஒரே வாரத்தில் அது மடைக்காரன் ஆகிவிட்டது. மனுசன் கைபட்டால் தப்பு வரும் என்றுதான் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதனால் கதவைத் தொட மனுசனுக்கு அனுமதி கிடையாது. மனுசன் ஓர் உத்தரவுக் கோப்பு எழுதலாம். மடைக்காரன் அதைப் படித்து, பழைய கோப்புகளோடு ஒத்துப் பார்த்து, நம்பிக்கை வந்தால் செய்யும், வராவிட்டால் செய்யாது. ஒவ்வொரு நாளும் கொடுக்கிற கோப்புகளிலிருந்து அந்த அணையின் நடைமுறையை அது தானாகவே கற்றுக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செயற்பொறியாளர் குற்றாலநாதன் தங்கமான மனிதர். லஞ்சம் வாங்கமாட்டார், சத்தம் போடமாட்டார், பேச்சியின் மூத்த பிள்ளைக்கு டெங்கு வந்தபோது தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அவருக்கு இருந்த ஒரே கோளாறு நேரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராகு காலத்தில் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் அவரை மூன்று வருஷம் சஸ்பெண்டில் உட்கார வைத்துவிட்டதாம். அதற்குப் பிறகு மனிதர் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் தும்முவதுகூட இல்லை. காகிதக் காலத்தில் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. காகிதத்தில் தேதி போடுவோம், மணி போடமாட்டோம். கணினி வந்து மணி, நிமிஷம், நொடி என்று ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் முத்திரை குத்த ஆரம்பித்தபோதுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

“ஏம்மா பேச்சி, அந்த நேரத்த மட்டும் கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு தள்ளி வைக்க முடியாதா?” என்று ஒருநாள் கூச்சத்தோடு கேட்டார்.

முடியும். அதற்கென்று தனியாக எதையும் வாங்கி நிறுவ வேண்டியதில்லை. கணினிக்குள் பிறக்கும்போதே இருக்கிற கட்டளை அது. ‘டச்’ என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய தேதியும் மணியும், அப்புறம் கோப்பின் பெயர், என்டர். அவ்வளவுதான். கோப்புக்குள் இருக்கிற ஓர் எழுத்துகூட மாறாது; நெற்றியில் இருக்கிற முத்திரை மட்டும் மாறிவிடும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் முன்னே பின்னே போவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பேச்சி நினைத்தாள். நல்ல மனிதருக்கு நிம்மதி கிடைக்கிறதே என்றும் நினைத்தாள். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. யோசிக்காமலேயே விரல் செய்கிற வேலையாக அது மாறிவிட்டது.

அந்த ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை, மலையில் காலையிலிருந்தே மழை. அணைக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட விழவில்லை; வெயில்கூட அடித்தது. மாலை நாலு முப்பத்தெட்டுக்குக் குற்றாலநாதன் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு அலைச்சாரலில் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். வரத்து திடீரென்று ஏறியிருக்கிறது, மூன்று கதவை இரண்டிரண்டு அடி தூக்க வேண்டும் என்றார்.

பேச்சிக்கு முதலில் புருஷன் ஞாபகம்தான் வந்தது. ஆறுமுகநயினார் உறைகிணற்று வேலைக்கு மேஸ்திரி. அணைக்கு முக்கால் கிலோமீட்டர் கீழே, ஆற்று மணலுக்கு நடுவில் இருக்கிற கிணற்றிலிருந்துதான் டவுனுக்குக் குடிதண்ணீர் போகிறது. கிணற்றில் மணல் சரிந்து நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் மறியல் செய்ததால், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஐந்து ஆட்களோடு இறங்கியிருந்தான்.

“சார், கீழ எங்க வீட்டுக்காரங்க ஆளுகளோட கெணத்துல நிக்காங்க.”

“உத்தரவு போன ஒடனே சைரன் அடிக்கும். கதவு தெறக்க அதுக்கப்புறம் பதினஞ்சு நிமிசம் கெடக்கு. எத்தன தடவ ஏறி வந்திருக்காங்க, தெரியாதா ஒனக்கு?” என்றார் குற்றாலநாதன்.

உண்மைதான். சைரன் கேட்டதும் சாமான்களை எடுத்துக்கொண்டு, பீடியும் பற்ற வைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கரையேறுவார்கள். பேச்சி சரி என்று உட்கார்ந்தாள். அவர் வாசல்வரை போய்த் திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். “நேரத்த மட்டும் பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு அணை மேலே மறுகோடிக்குப் போய்விட்டார்.

பேச்சி உத்தரவை அடித்து முடித்தபோது நாலு நாற்பத்திரண்டு. விரல் பழக்கப்படி அதை நாலு இருபத்தெட்டாக மாற்றியது. அனுப்பினாள். சைரன் ஊளையிட்டது. எழுந்து போய் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு திரும்பினாள்.

திரையில் மூன்று கதவுக்கு நேராகவும் ‘திறக்கிறது’ என்று இருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பத்து மூன்று. சைரன் அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. போன மாதம் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மழைக்காலத்தில் நெட் அறுந்து உத்தரவுகள் தாமதமாக வந்து சேர்வதால், இனிமேல் மடைக்காரன் உத்தரவு தனக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் பார்க்காது, எழுதப்பட்ட நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். பேச்சியே அதைப் படித்து, துளைபோட்டு, காகிதக் கட்டோடு கோத்து வைத்திருந்தாள். உத்தரவு எழுதியது நாலு இருபத்தெட்டு. பதினைந்து நிமிஷம் முடிந்தது நாலு நாற்பத்து மூன்று. இயந்திரத்தின் கணக்கு சரியாக இருந்தது. ஆற்றுக்குள் நின்றவர்களுக்கு உரிய பதினைந்து நிமிஷத்தை அவள் விரல் துடைத்துவிட்டிருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்து, மேலே ஏறுங்க, ஏறுங்க என்று கத்தினாள். பதில் இல்லை. வேலை நடக்கும்போது தன்னிடம் உள்ள வாக்கி டாக்கியைச் செல்போன்களோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கரைமேல் மரத்தில் தொங்கவிடுவது நயினார் வழக்கம். அது அவளுக்கும் தெரியும். நாற்காலிக்குப் பாய்ந்து நிறுத்த உத்தரவு அடித்தாள். மூன்று கதவையும் உடனே மூடு. காரணம்: ஆற்றில் ஆட்கள். முத்திரையைத் தொடக்கூட அவளுக்கு நேரமில்லை. இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக உண்மையான நேரத்தோடு ஒரு கோப்பு ராகு காலத்தில் அந்த அறையை விட்டுப் போயிற்று. நாலு நாற்பத்தைந்து.

மடைக்காரன் பதில் சொன்னது: இந்த அணையிலிருந்து இந்த நேரத்தில் உத்தரவு வருவதில்லை. போலி என ஐயம். ஏற்கப்படவில்லை.

மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே வாசகம். கொடுத்த கோப்புகளிலிருந்து அது நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தது. எழுநூறு நாளில் ஒரு நாள்கூட ராகு காலத்தில் இங்கிருந்து யாரும் எதையும் எழுதியதில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. முத்திரையை மாற்றி அனுப்பலாம் என்று தோன்றி ‘டச்’ என்று அடிக்கப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய அந்த ஐந்து இங்கிலீஷ் எழுத்தை மூன்று முறை தப்பாக அடித்தாள். எழுந்து ஓடினாள்.

கதவுகளைத் தூக்கும் மேடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவசரத்துக்கென்று, அழுத்தினால் கதவுகளை மூடிவிடுகிற சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. முந்நூறு மீட்டர். செருப்பு ஒன்று வழியில் கழன்றது. வலது பக்கம் ஆற்றைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள், ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கண்ணாடியை முழங்கையால் உடைத்து அவள் பொத்தானை அழுத்தியபோது நாலு ஐம்பத்தொன்று. அதற்குள் எட்டு நிமிஷத் தண்ணீர் போய்விட்டது.

கீழே என்ன நடந்தது என்று பிறகு கரையேறியவர்கள் சொன்னார்கள். சைரன் கேட்டதும் நாலு பேர் சாமான்களை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார்கள். கிணற்றுக்குள் நின்ற மாசானமுத்து, பதினைந்து நிமிஷம் கிடக்கிறது அண்ணாச்சி, இரண்டு கூடை அள்ளிவிட்டு வருகிறேன் என்றான். விளிம்பில் நின்ற நயினார் சரி என்றான். முதல் கூடை மேலே வந்தது. இரண்டாவது வரவில்லை. நயினார் தண்ணீர்க்குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்து பிழைத்தான். மாசானமுத்துவை மறுநாள் இரண்டு மைலுக்கு அப்பால் கோரைக்குள் கண்டெடுத்தார்கள். இருபத்தேழு வயது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே ஆறு மணிக்குக் குற்றாலநாதன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. உத்தரவுக் கோப்பைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேரும் அந்த முத்திரையைப் பார்த்தார்கள்.

“கோப்புல என்ன இருக்கோ அதத்தாம்மா நாம எழுத முடியும்” என்றார் அவர். ஓய்வுபெற அவருக்கு நாலு மாதம் இருந்தது. பேச்சி பதிவேட்டை எடுத்துத் தன் கையெழுத்தில் எழுதினாள். உத்தரவு 4.28. சைரன் 4.28. கதவு 4.43. கிணற்றருகே தண்ணீர் 4.48. சைரனுக்கென்று தனிக் கோப்பு கிடையாது. உத்தரவு வந்த நொடியே சைரன் என்பது விதி, ஆகவே உத்தரவின் நேரம்தான் சைரனின் நேரம். நாலில் இரண்டு உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று பயந்தாள். இந்தக் கணக்கை யாராவது கழித்துப் பார்ப்பார்கள் என்று அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை.

போலீஸ்காரர்கள் கழித்துப் பார்த்தார்கள். நாலு இருபத்தெட்டுக்குச் சைரன், நாலு நாற்பத்தெட்டுக்குத் தண்ணீர். முழுசாக இருபது நிமிஷம். இருபது நிமிஷம் ஆட்களை மேலேற்றாமல் மேஸ்திரி என்ன செய்துகொண்டிருந்தான்? அலட்சியத்தால் மரணம் என்று நயினார்மேல் வழக்குப் பதிந்தார்கள். மூன்று நாள் உள்ளே வைத்து ஜாமீனில் விட்டார்கள்.

அவன் முதலில் அடித்துச் சொன்னான். சைரன் அடித்து ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியம் என்றான். போலீஸ்காரர் கோப்பின் அச்சுப்பிரதியைக் காட்டினார். மற்ற நாலு பேரும் முதலில் அதையேதான் சொன்னார்கள். அவர்களுக்கும் காட்டினார். செல்போன் எல்லாம் மரத்தில் தொங்கியது, ஒருத்தன் கையிலும் கடிகாரம் இல்லை. இரண்டாவது விசாரணையில் ஒருத்தன், மோட்டார் இரைச்சலில் முன்னமே ஏதோ கேட்ட மாதிரி இருந்தது என்றான். மூன்றாவதில் இன்னொருத்தனுக்கும் அப்படியே இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. சர்க்கார் காகிதத்தில் மணி அச்சடித்து வரும்போது, கூலிக்கு மணல் அள்ளுகிறவனின் ஞாபகத்துக்கு அதை எதிர்த்து நிற்கத் தெம்பு ஏது?

நயினாரும் மாறினான். பேச்சிக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுமுன் குவித்திருந்த மணலை அவன் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான். அடுக்களைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டுவந்து செங்கல்மேல் சாய்த்து வைத்திருந்தான். அள்ளினான், பார்த்தான், கொட்டினான், மறுபடி அள்ளினான்.

“ரெண்டு கூடைக்கு நாலு நிமிசம்தாட்டி ஆவுது” என்றான். “அப்பம் மிச்சம் பதினாறு நிமிசம் நாங்க என்ன செஞ்சோம்?”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மாசானத்தைக் கொன்றது நான்தான் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் வாய் ஒட்டிக்கொண்டது.

அந்த வாரமே மாசானமுத்துவின் அம்மா பூவம்மாள் வந்தாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று பேச்சி நடுங்கிப்போனாள். பூவம்மாள் ஒன்றும் செய்யவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். நயினாரைப் பார்த்து ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

“தம்பி, எம் மவன் அந்த இருவது நிமிசமும் என்ன பேசிட்டு இருந்தான்? அத மட்டும் சொல்லிரு. நான் யார் மேலயும் கோவப்படல.”

நயினார் யோசித்தான். நேர்மையாகவே யோசித்தான் என்பது அவன் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்தது. நடக்காத பதினைந்து நிமிஷத்துக்குள் இறங்கி, செத்துப்போன ஒருத்தன் பேசாத பேச்சை அவன் தேடிக்கொண்டிருந்தான். தேடினால் கிடைத்துவிடும் என்று பேச்சிக்குத் திடீரென்று தோன்றியது. அந்த நிமிஷத்தில்தான் ஜெயில் பயம் அவளுக்குச் சின்னதாகிப்போயிற்று. துறை விசாரணை வியாழக்கிழமை. அங்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஹெப்சிபா மேடம் வந்திருந்தார். ஐம்பது வயது, பருத்திப் புடவை, அதட்டாத குரல். மடைக்காரனைப் பார்க்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலேயே நாற்காலிகளைப் போடச் சொன்னார். குற்றாலநாதன் ஒரு பக்கம், நயினார் ஒரு பக்கம். பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. பேச்சியின் முறை வந்ததும் அவள் எழுந்து நின்று, ராகு காலத்தில் தொடங்கி சிவப்புப் பொத்தான்வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். நயினார் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

மேடம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு குற்றாலநாதனைப் பார்த்து, இப்படி ஒரு வழக்கம் உண்டா என்றார். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, அலுவலகத்தில் அப்படி எழுத்துபூர்வமாக ஒன்றும் இல்லை என்றார்.

“புருஷனுக்காகப் பொண்டாட்டி பழியை ஏத்துக்கறது நான் பார்க்காதது இல்லம்மா” என்றார் மேடம். அன்பாகத்தான் சொன்னார். “கோப்பு நாலு இருபத்தெட்டுன்னு சொல்லுது. இல்லைங்கறதுக்கு உங்ககிட்ட என்ன இருக்கு?”

“இருக்கு மேடம்” என்றாள் பேச்சி. இதற்காகவே அவள் நாலு நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். “ஒவ்வொரு கோப்புக்கும் மூணு நேரம் உண்டு. எழுதுன நேரம், தெறந்து பாத்த நேரம். இந்த ரெண்டையும் டச் போட்டு நாம மாத்திரலாம். மூணாவது உள்ளுக்குள்ள கெடக்கும், யாரும் பாக்க மாட்டாங்க. கோப்புல யாராவது கைய வச்சா, வச்ச நேரத்த கம்ப்யூட்டரே அங்கன குறிச்சு வச்சுக்கிடும். அத மாத்த எங்கிட்ட கட்டளை கெடையாது. நான் கைய வச்சது நாலு நாப்பத்திரெண்டுக்கு. அது அங்கன இருக்கும் மேடம்.”

மேடம் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பேச்சி உட்கார்ந்து, மூன்று நேரத்தையும் காட்டுகிற கட்டளையை அடித்தாள். இந்தத் தடவை ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

எழுதிய நேரம், நாலு இருபத்தெட்டு. பார்த்த நேரம், நாலு இருபத்தெட்டு. மூன்றாவது வரியும் நாலு இருபத்தெட்டு.

பேச்சி கோப்பின் பெயரைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி அடித்தாள். மாறவில்லை. நாலு நாற்பத்தைந்துக்கு அனுப்பிய நிறுத்த உத்தரவைத் தேடினாள். அது ஆறு ஒன்று என்று இருந்தது, ராகு காலம் முடிந்த அடுத்த நிமிஷம். மாசானம் செத்த நாளிலிருந்து அவள் எந்தக் கோப்பின் முத்திரையையும் தொட்டதில்லை. போன சனிக்கிழமையின் மழைக் கோப்பை எடுத்தாள். காலை ஒன்பது நாற்பதுக்கு, ராகு காலத்தின் நடுவில், அப்படியே சேமித்துவிட்டு எழுந்து போனது நன்றாக ஞாபகம் இருந்தது. திரையில் பத்து முப்பத்தொன்று என்று இருந்தது, மூன்று வரியிலும்.

அறையின் மூலையில் மடைக்காரனின் பெட்டி லேசாக இரைந்துகொண்டிருந்தது. தினமும் கேட்கிற இரைச்சல்தான்.

“மேடம், இது எங்கிட்ட இருந்து படிச்சிருக்கு” என்றாள். தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல இருந்தது. “ராகு காலத்துல இங்க எதுவும் நடக்காதுன்னு நம்பிட்டுது. நடந்தா, தப்பா எழுதியிருக்குன்னு நெனச்சு அதுவே திருத்தி வச்சிருது. இன்னைக்கு ஒன்றரைக்கு ராகு காலம் பொறக்கும். அதுவரைக்கும் இருங்க. ஒங்க முன்னாலயே ஒரு கோப்பு எழுதி வைக்கேன். அது தள்ளிப் போவுதா இல்லையான்னு ஒங்க கண்ணாலயே பாருங்க.”

ஹெப்சிபா மேடம் திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருந்தது. அவர் முகத்தில் ஒரு தயக்கம் வந்ததைப் பேச்சி பார்த்தாள். இருப்பதா போவதா என்று அந்த அம்மாள் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தத் தயக்கத்தின்மேல் தன் உயிர், நயினார் உயிர், பிள்ளைகள் எல்லாம் நிற்பது போல அவளுக்கு இருந்தது.

“விட்ரு பேச்சி” என்றான் நயினார்.

அவன் எழுந்து நின்றிருந்தான்.

“மேடம், அவ எனக்காவச் சொல்லுதா. ஒன்றரை வரைக்கும்லாம் நீங்க இருக்க வேண்டாம். சைரன் மொதல்லயே கேட்டுச்சு. அன்னைக்குப் பூராவும் யோசிச்சும் எனக்கு வரல, இப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. மாசானம் மேல ஏறவே ஆரம்பிச்சிட்டான். ஏணில ரெண்டு படி வந்துட்டான். நாந்தான், எறங்குல, நேரம் கெடக்குன்னு திரும்ப எறக்குனேன். அவன் சிரிச்சான். எங்க அம்ம இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கா அண்ணாச்சி, சீக்கிரம் போணும்னு சொன்னான். அவங்க அம்மகிட்டயும் நேத்தே சொல்லிட்டேன்.”

பேச்சி அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்கு வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள். பொய் சொன்னால் அவன் இடது காது மடலைத் தேய்ப்பான், பார்வை தரைக்குப் போகும், வார்த்தை வேகமாக வரும். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று அந்த அடையாளங்களை அவள் தேடினாள். அவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. கண் நேராக இருந்தது, நிறைந்திருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

“அத்தான், அப்படி நடக்கல” என்றாள். “அத்தான், நான் சொல்லுதத நம்புங்க. ஒங்களுக்கு அஞ்சே நிமிசந்தான் இருந்துச்சு.”

அவன் அவள் தோளில் கை வைத்து, சுகமில்லாத பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல இரண்டு தடவை தட்டினான். குற்றாலநாதன் மூச்சை வெளியே விட்டார்.

ஹெப்சிபா மேடம் பேனா மூடியைத் திறந்தார். சைரன் எத்தனை மணிக்குக் கேட்டது என்று அவனிடம் கேட்டார்.

“நாலு இருபத்தெட்டுக்கு மேடம்” என்றான் நயினார். அவர் எழுதிக்கொண்டார்.